மணலுக்கு அடியில் மணல்தான்

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதுவதைப் போலத்தான் நானும் ஆரம்பித்தேன். ஒட்டகம், பேரீச்சம்பழம், சாயங்கால வெயிலில் மணல் சிவப்பது என்று சில பக்கங்கள் எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் சொல்ல வேண்டியது வேறு. ஓமானுக்கு விமானத்தில் போனதையும், திரும்பி வந்த பிறகு கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் பஸ்ஸில் போனதையும் சேர்த்து எழுதினால்தான் விஷயம் முழுதாகும். முதல் பயணத்தில் நான் செய்த காரியத்தால் என் மாப்பிள்ளை இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்திருக்கிறார். இரண்டாவது பயணம், அதை அவரைப் பெற்றவளிடம் சொல்வதற்காக.

எனக்கு ஊர் நைனார்பாளையம். அந்தக் காலத்தில் பொறியியல் படித்தவன். வடக்கே டிராக்டர்களைச் சோதித்துப் பார்க்கும் ஓரிடத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா இறந்ததும் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் யார் டிராக்டர் வாங்கினாலும் எந்த டயர் போடலாம், பாரம் ஏற டியூபில் எவ்வளவு தண்ணீர் நிரப்பலாம் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கிளம்பினேன். மகள் ஸ்டெல்லா மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா போனதுக்கப்புறம் தனியா சமைச்சித் துன்னுக்கினு இன்னா பண்ற? ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போப்பா" என்று அவள்தான் கூப்பிட்டாள். அவள் கணவர் அருள்தாஸ் மஸ்கட்டிலிருந்து சில மணி நேரம் தள்ளி, மணல்மேடுகள் தொடங்கும் இடத்தில் ஓர் ஓமானியோடு கூட்டுச் சேர்ந்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு மணலில் ஓடும் நாலு சக்கர வண்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அங்கே அதைக் 'குவாட்' என்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் உடம்பில் குட்டி டிராக்டரின் சக்கரங்களைப் பொருத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

வார விடுமுறையில் ஸ்டெல்லா என்னை அங்கே கொண்டுபோய் விட்டாள். "அப்பாவுக்கு இன்னா வேணும்னு கேட்டுக்குங்க" என்று கணவரிடமும், "அவருக்கு வேல இருக்கும், தொந்தரவு பண்ணாத" என்று என்னிடமும் சொல்லிவிட்டு மஸ்கட் திரும்பிவிட்டாள். அவள் போனதும் எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது போல இருந்தது. எங்கள் பக்கத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் 'வேண்டாம்', 'தப்பு' என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். சொல்ல வேண்டியிருந்தால் பெண் வழியாகத்தான் போகும். 'உங்க அப்பாகிட்ட சொல்லு', 'உன் வூட்டுக்காரர்கிட்ட கேளு' என்று. நடுவில் அவள் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் 'சரிங்க' மட்டும்தான்.

முதல் நாள் சாப்பாடு அரபு ரொட்டி. எங்கள் ஊர்ப் பரோட்டாவுக்கு இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாக, தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது. தொட்டுக்கொள்ளப் பருப்பு. நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை அருள் ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி அலமாரியில் வைத்தார். மறுநாள் ரசம் வைத்தார். மிளகு தூக்கலாக, மலைக்காரர்கள் வைப்பது போல. நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். அவள் அவரிடம் சொல்லியிருப்பாள்.

மணலைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது சிரிப்புதான். எங்கள் ஊரில் ஆற்றில் ஒரு வண்டி மணல் அள்ளினால் போலீஸ், கேஸ், கோர்ட். இங்கே அது மலைமலையாகக் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. நாங்கள் ஒரு பிக்கப் வண்டியில் உள்ளே போனபோது கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் புதைந்துவிட்டது. அருள் பதறவில்லை. இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். டயர்கள் பிசைந்த மாவு போலத் தொங்கின. வண்டி சத்தமில்லாமல் மேலே ஏறி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் செய்கிற கைவைத்தியம் என்று அதை நினைத்துக்கொண்டேன். அதுதான் அங்கே முறை என்று எனக்குப் படவில்லை.

பஞ்சாபிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம் அன்று கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தது. கணவர் மனைவியிடம், "இதில் ஒரு மூட்டை ஊருக்கு எடுத்துப் போனால் உன் அண்ணன் வீட்டைக் கட்டி முடிப்பானா?" என்றார். "மூட்டையை உங்கள் தலையில்தான் வைப்பான்" என்றாள் மனைவி. அவர்கள் இந்தியில் பேசியது எனக்குப் புரிந்தது. எனக்கு இந்தி தெரியும் என்பது அருளுக்குத் தெரியாது. சொல்லும்படியான சந்தர்ப்பம் வந்ததில்லை.

வழிகாட்டிப் போகிற குவாட் ஒன்று உண்டு. அருள் ஓட்டுவது. மற்றவர்களுக்கு முன்னால் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் சரிவா பள்ளமா என்று பார்த்துக் கையசைப்பது அதன் வேலை. அதன் டயர்கள் வெயிலில் வெடித்துப் போயிருந்தன. வளையத்தோடு சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டும். இன்னொரு வண்டியின் சக்கரத்தைக் காட்டி எனக்கு விளக்கினார். டயரின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது அகலம், மூன்றாவது உள்ளே உட்காரும் வளையத்தின் குறுக்களவு. எல்லாம் அங்குலத்தில். அவர் வாங்க நினைத்திருந்தது பின்னால் உயரம் இருபத்திரண்டு, அகலம் பதினொன்று, வளையம் பத்து. முன்னால் அதே உயரம், அகலம் எட்டு. பின் டயரில் குறுக்கே துடுப்புப் போன்ற ரப்பர் பட்டைகள். அவை மணலை அள்ளிப் பின்னே தள்ளும். முன் டயர் ஏறக்குறைய வழுவழுப்பு, நடுவில் ஒரே ஒரு வரம்பு. வண்டியைத் திருப்ப அது போதும்.

"வளையம் சின்னதா இருந்தா ரப்பர் ஜாஸ்தி மாமா. காத்தக் கம்மியா வெச்சா டயர் அகலமாப் படுக்கும். ஒட்டகத்துப் பாதம் கணக்கா."

"நம்ம சேத்துக்கு அப்படிப் போட்டா வண்டி நகராது மாப்ள" என்றேன்.

"ஆமாங்க மாமா" என்றார்.

நான் சொன்னது பொய்யில்லை. நடவு வயலில் அகலமான டயர் மேலேயே வழுக்கும். உயரமான, குறுகலான, பல் ஆழமான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போய், அங்கிருக்கும் கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். காற்றும் விறைப்பாக இருக்க வேண்டும். என் வாழ்நாள் முழுதும் நான் மற்றவர்களுக்குச் சொன்ன யோசனை இது. எல்லோருக்கும் பலித்தது. சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கிறது. மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்தப் பொறியியல் படித்த மூளை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். மணலுக்கு அடியில் மணல்தான். குறுகலான டயர் பிடிப்பைத் தேடித் தேடிக் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

டயர் கடைக்கு என்னையும் அழைத்துப்போனார். போகும் வழியில் கெட்டியான டீ வாங்கித் தந்தார், ஏலக்காய் போட்டது. கடைக்காரர் கராச்சிக்காரர். பருத்த உடம்பு, மருதாணி போட்ட தாடி, யாரையும் கிண்டல் செய்யாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர். அருள் கேட்ட அளவு அங்கே இருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உயரம் இருபத்தைந்து, அகலம் எட்டு, வளையம் பன்னிரண்டு, ஆழமான பற்கள். டிராக்டர் முன் டயரின் தம்பி மாதிரி இருந்தது. அதைத் தட்டிப் பார்த்து, "நாலுக்கும் இதைப் போட்டா இன்னா மாப்ள?" என்றேன்.

அருள் இந்தியில் அதைச் சொன்னார். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் மாமனார் பாலைவனத்தில் நெல் நடப் போகிறாரா? தண்ணீருக்கு என்ன செய்வார்?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அருள் என் பக்கம் திரும்பி, "நல்ல டயருதான்னு சொல்றாருங்க மாமா. ஆனா இந்த மணலுக்கு அது வேணாம்னு நெனைக்கிறாரு" என்றார்.

என் மரியாதைக்காக அவர் கிண்டலை மறைத்தார். எனக்கு இந்தி தெரியாமல் இருந்திருந்தால் அந்த மெதுவான வார்த்தையைக் கேட்டு விட்டுக்கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததனால், என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால் இறங்கி வர மனம் வரவில்லை. "அவரு விக்கிறவரு. நான் நாப்பது வருஷமா டயர் பாத்தவன். எடுங்க மாப்ள" என்றேன்.

அருள் கொஞ்ச நேரம் அந்த அகலமான டயரின் மேல் கை வைத்தபடி நின்றார். பிறகு, "மாமா சொன்னா சரிதாங்க" என்றார். போனை எடுத்து வெளியே போய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டதை நான் பார்த்தேன். அவள் எடுக்கவில்லை. அலுவலகத்தில் ஏதோ கூட்டமாம். எடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் எனக்குப் போன் வந்திருக்கும், 'ப்பா, உனக்கு எதுக்கு இந்த வேல' என்று. அத்தோடு முடிந்திருக்கும்.

சாயங்காலமே சக்கரங்களை மாட்டினார். வண்டி முன்பைவிட இரண்டு விரல் உயர்ந்து நின்றது. எனக்குப் பார்க்க அழகாக இருந்தது. அருள் காற்றை நன்றாக இறக்கிவிட்டார். அளவு தப்பாகப் போனாலும் காற்றில் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் நான் முதலில் எழுந்தேன். வண்டியைப் போய்ப் பார்த்தால் புது டயர்கள் தொங்கிப்போய் நிற்கின்றன. ராத்திரி இறங்கியிருக்கிறது, வால்வில் கோளாறு என்று நினைத்தேன். இல்லை, அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் வேண்டுமென்றேதான் இறக்கினார் என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். நான் தேர்ந்தெடுத்த டயர் அப்படித் தொங்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் இருந்த கம்ப்ரஸரைப் போட்டு நாலிலும் விறைப்பாகக் காற்றை ஏற்றினேன். விரலால் சுண்டினால் டங்கென்று கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

அருள் டீ டம்ளரோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அந்த மேடு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறங்க மாமா" என்றார்.

ஏறும்போது நேராகத்தான் ஏறினார். பாதி மேட்டில் பின் சக்கரங்கள் சுழன்று மணலை வாரி இறைத்தன. இறங்கித் திரும்ப வேண்டி வண்டியைக் குறுக்கே ஒடித்தார். கீழ்ப்பக்கச் சக்கரம் இரண்டும் கத்தி இறங்குவது போல மணலுக்குள் இறங்கின. உயரமான வண்டி. ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நின்றது, அப்புறம் உருண்டது. அவரும் உருண்டார். வண்டி அவர் மேல் ஒரு முறை ஏறி இறங்கிக் கீழே வந்து நின்றது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. என்னால் ஓட முடியவில்லை. மணலில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் போய்ச் சேர்ந்தேன்.

"மாமா, கால் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். இரண்டு காலும் அங்கேதான் இருந்தன.

மஸ்கட் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி நொறுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நரம்பு விஷயம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். ஸ்டெல்லா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அருள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். எங்களுக்குள் நடந்த நேரான பேச்சு அது ஒன்றுதான்.

"கம்ப்ரஸர் சத்தம் கேட்டுச்சுங்க மாமா."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப எறக்கியிருக்கலாமே மாப்ள."

"நீங்க ஏத்தின காத்த உங்க எதிர்லயே புடுங்கினா நல்லாவாங்க இருக்கும்? மேட்டுக்கு அந்தாண்ட போயி, நீங்க பாக்காத எடத்துல எறக்கிக்கலாம்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாதீங்க. நானே வேகமாப் போயி வுழுந்தேன்னு சொல்லியிருக்கேன். அப்படியே இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன். வேண்டாம் மாப்பிள்ளை, நானே சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. தலையைத்தான் ஆட்டினேன்.

அன்றே மலையிலிருந்து போன் வந்தது. அருளின் அம்மா லூர்துமேரி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை. அவள் கணவன் குடித்துக் குடித்தே செத்தவன். மகன் ஒரு சொட்டுத் தொட்டாலும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லித்தான் அவனை வளர்த்தாள் என்பது எங்கள் உறவில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. குடிச்சிருந்தானா? காலங்காத்தால சமமான மணல்ல எவனாவது வுழுவானா?"

நான் பேசவில்லை.

"அண்ணே, குடிச்சிருந்தானா?"

'இல்லை' என்று சொன்னால் அடுத்த கேள்வி 'அப்புறம் எப்படி' என்று வரும். அதற்குப் பயந்து இரண்டாவது முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள். என் மௌனத்தை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அருளை ஊருக்குக் கொண்டுவந்து, கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். ஸ்டெல்லா வேலையை விட்டுவிட்டாள். லூர்துமேரி வரவில்லை. அருள் போன் செய்தால் எடுப்பதில்லை. குடித்துவிட்டு விழுந்தான் என்ற பேச்சு மலையிலிருந்து அவர் காதுக்கும் வந்திருந்தது. "அம்மாவுக்கு வெளியூரு போனா ஒத்துக்காது" என்று அவர் ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தவக்காலம் தொடங்கியது. ஒரு நாள் காலில் மருந்து தேய்க்க வந்தவர், "உங்க அம்மா இல்லீங்களா?" என்று சும்மா கேட்டார். அருள் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கால் போனதற்கு அவர் அழுது நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில், நைனார்பாளையம் போய் வருகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் பொய் சொல்லிவிட்டு, எதுவும் சாப்பிடாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் இடம் கிடைத்தது என் வயசுக்காக. "பெருசுக்கு வுடுப்பா. நீ ஜன்னல்ல காத்து வாங்கிக்கினு போறதுக்கா வந்த?" என்று கண்டக்டர் ஒருவனை எழுப்பிவிட்டார். வடக்கனந்தல் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் மலை ஏறத் தொடங்கியது. ஓமானில் வெறும் மணலைப் பார்த்த கண்ணுக்கு இந்தப் பச்சை தாங்கவில்லை. மரவள்ளிக் கொல்லைகள், கடுக்காய் மரங்கள், பிஞ்சு தொங்கும் பலா. அருள் இதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே போய் எப்படி இருந்தார் என்று நினைத்தேன். இனி இந்த வளைவுகளில் அவரை எப்படித் தூக்கி வருவது என்றும் நினைத்தேன்.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"லூர்து மவன் துபாய்ல குடிச்சிட்டு வண்டியக் கவுத்துட்டானாமே."

"துபாய் இல்லடி, ஓமானு."

"எதுவோ ஒண்ணு. அப்பன் புத்தி எங்கடி போவும்? அந்தம்மா இன்னா பாவம் பண்ணிச்சோ."

நான் அவர்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நாலைந்து வளைவு ஏறியதும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. எஞ்சினிலிருந்து ஆவி. டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார். எல்லோரும் இறங்கி நிழலில் நின்றோம். ஒருத்தன் கண்டக்டரிடம், "இதுக்கு நடந்தே போயிருப்பேன், டிக்கெட்டத் திருப்பிக் குடு" என்றான். "நடந்து போ, நாங்க பின்னாடியே வந்து உன்ன ஏத்திக்கிறோம், அதுக்கு வேற டிக்கெட்" என்றார் கண்டக்டர். அந்தப் பெண்களில் மூத்தவள் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"யாரு வூட்டுக்குப் போறீங்க தாத்தா?"

"லூர்துமேரி வூட்டுக்கு. நான் சம்பந்தி."

நீட்டிய கை அப்படியே நின்றது. மற்றவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"அவரு குடிக்கலம்மா" என்றேன். அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவரு குடிக்கவே மாட்டாரு."

"தப்பா நெனச்சிக்காதீங்க. ஊர்ல சொன்னதத்தான் சொன்னோம்" என்றாள் மூத்தவள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப இன்னாதான் ஆச்சு?" என்று கேட்டாள். டிரைவர் தண்ணீரோடு வந்துவிட்டார். நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அவள் கொடுத்த கொய்யா கையிலேயே இருந்தது. தின்ன முடியவில்லை.

லூர்துமேரி விடுதிக்குப் பின்பக்கம் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்று வீட்டுக்கு அழைத்துப்போனாள். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. தட்டை வைத்தாள். "சாமச்சோறும் மொச்சக் கொழம்பும் இருக்கு. தவக்காலம், வேற ஒண்ணும் ஆக்கல."

"சோறு அப்புறம் தங்கச்சி. முதல்ல நான் சொல்றதக் கேளு."

சொன்னேன். டயர் கடையில் சிரித்ததிலிருந்து, கம்ப்ரஸர் போட்டது வரைக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் காற்றை இறக்கலாம் என்று அவர் நினைத்தது வரைக்கும். அவள் நின்றபடியே கேட்டாள். நடுவில் ஒரே ஒரு தடவை, "காத்து ஜாஸ்தியா இருந்தா வண்டி கவுருமாண்ணே?" என்று கேட்டாள். "கெட்டியான டயரு மணல்ல உள்ள எறங்கிடும். மெத்துனு இருந்தா மேலயே மெதக்கும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கி அவன் இன்னா குடிச்சான்?"

"டீ. குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வெச்சிட்டுப் போனாரு."

"போன்ல கேட்டனே."

"கேட்ட."

"ரெண்டு வாட்டி கேட்டனே."

"கேட்ட. நான் பேசல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். வெகு நேரம் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பெத்த புள்ளைய செத்தவன் கணக்குல வெச்சிட்டு, நான் இங்க வேளா வேளைக்கி சோறு துன்னுக்கினு இருந்திருக்கேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். "உங்க மரியாதைக்கு என் புள்ள ஒடம்பக் குடுத்தான். நீங்க அவன் பேரையும் எடுத்துக்கினீங்க."



அவள் எழுந்து தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பானையில் இருந்த சோற்றைத் தூக்குவாளியில் போட்டாள், குழம்பை வேறொன்றில் ஊற்றினாள். விடுதியில் ஒருத்தியிடம் சாவியைக் கொடுத்தாள். நான் வந்த அதே பஸ் திரும்பிக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நான் பின்னால். கண்டக்டர் என்னிடம் வந்தபோது இரண்டு டிக்கெட் கேட்டேன். "அந்தம்மா எடுத்துட்டாங்க. அவங்களுக்கு மட்டும்" என்றார்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள், வழி தெரியாததால். கதவைத் திறந்த ஸ்டெல்லா மாமியாரைப் பார்த்துத் திகைத்தாள். "அத்தை" என்று கையைப் பிடித்தாள். லூர்துமேரி அவளைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள். அருள் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நான் குடிக்கலம்மா" என்றார்.

"தெரியும். படு."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நைனார்பாளையம் போறன்னு தானப்பா சொன்ன? அத்தைகிட்ட இன்னா சொன்ன?"

வாசற்படியில் நின்றபடி அவளுக்கும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று பஸ்ஸில் நினைத்திருந்தேன். இல்லை. உள்ளேயிருந்து அருள், "வுடுங்க மாமா, எதுக்கு இதெல்லாம்" என்று இரண்டு மூன்று தடவை குறுக்கே பேசினார். ஸ்டெல்லா திட்டவில்லை. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தால் என்னிடம் ஓடி வந்து முகத்தைப் பார்ப்பாளே, அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. செருப்புகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

இனி எழுந்து நடப்பாரா என்று தெரியாத ஒருவரை, பேச்சாலும் பேசாமல் இருந்ததாலும் நான் அந்தக் கட்டிலில் கிடத்தியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியார் மன்னிப்புத் தருவார். அந்த மன்னிப்பு என்னிடம் வந்து சேராது. லூர்துமேரி மகனிடம் வந்துவிட்டாள், அது ஒன்றுதான் நடந்தது.

உள்ளே தூக்கு திறக்கிற சத்தம். மொச்சைக் குழம்பின் வாசனை படி வரைக்கும் வந்தது. "வாயத் தெற" என்று லூர்துமேரி சொன்னாள். "எனக்குக் கை நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் அருள். "தெறடா." ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பிறகு அருளின் குரல் கேட்டது. "மாமா சாப்ட்டாரா?"

"இல்ல" என்றாள் ஸ்டெல்லா.

என்னைக் கூப்பிட யாரும் எழுந்து வருகிற சத்தம் கேட்கவில்லை.